அறுந்த கம்பியில் கரண்ட் ஏன் நிற்பதில்லை?

உத்திரமேரூர் வட்டாரத்தில் மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும்: கரண்ட் அடிக்கடி போகிறது. நடவு நேரத்தில் மும்முனை மின்சாரம் போதவில்லை, கொஞ்சம் காற்றடித்தால் ராத்திரி முழுக்க இருட்டு, வோல்டேஜ் குறைந்து மோட்டார் காயில் எரிந்துபோனது. எல்லாமே நியாயமான குறைகள். ஆனால் மழைக்காலத்தில் உயிரைப் பறிப்பது, போக வேண்டிய நொடியில் போகாமல் நிற்கிற கரண்ட். கரண்ட் கேட்டுப் போராடுகிற நாம், ஆபத்து வந்தால் அது உடனே நிற்க வேண்டும் என்பதையும் உரிமையாகக் கேட்க வேண்டும். அதற்கு முதலில், அது ஏன் நிற்பதில்லை என்று தெரிய வேண்டும்.

துணைமின் நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் காவல் பல இடங்களில் இருக்கிறது. துணைமின் நிலையத்தில் ரிலேயும் பிரேக்கரும், டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ்கள், வீட்டு மீட்டர் பலகையில் ஃபியூஸ் கட்டை அல்லது எம்.சி.பி. இவற்றில் பெரும்பாலானவை கவனிப்பது ஒன்றைத்தான்: கம்பியில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடுகிறதா? இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், காவல் உடனே விழித்துக்கொள்ளும். கம்பி அறுந்து மண்ணில் விழும்போது நடப்பது வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறக்குறைய 133 ஆம்பியர் கொடுக்கும். அதன் ஃபியூஸ் அந்தச் சுமையைத் தாங்கும்படி போடப்பட்டிருக்கும். 230 வோல்ட் கம்பி ஒன்று அறுந்து வரப்பில் விழுகிறது. அந்த இடத்தில் மண்ணின் தடை 40 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓடும் கரண்ட் 6 ஆம்பியருக்கும் குறைவு. ஒரு சிறிய மோட்டார் இழுக்கிற அளவுதான். டிரான்ஸ்பார்மருக்கு அது இன்னொரு இணைப்பு மாதிரியே தெரியும். ஃபியூஸ் போகாது. கம்பி உயிரோடு கிடக்கும், காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு யாராவது வரும்வரை. மனிதனைக் கொல்ல 6 ஆம்பியர் தேவையில்லை. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே, அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கைத் தாண்டினாலே, ஆபத்து தொடங்கிவிடுகிறது.

11,000 வோல்ட் கம்பியிலும் இதே சிக்கல் உண்டு. காய்ந்த மண்ணிலோ தார் ரோட்டிலோ விழுந்தால் சில ஆம்பியர்கள், ஈரப் புல்லில் விழுந்தால் சில பத்து ஆம்பியர்கள் ஓடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் சுமை ஓடுகிற ஃபீடரில் இதை ரிலே கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடும். உலகம் முழுக்கப் பொறியாளர்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் சிக்கல் இது, முழுத் தீர்வு இன்னும் கிடைக்கவில்லை. ரிலே கண்டுபிடித்து நிறுத்தினாலும் கதை முடிந்துவிடாது. கிளை உரசியதுபோன்ற தற்காலிகப் பழுதாக இருக்கலாம் என்று, சற்று நேரம் கழித்து ஃபீடரை மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பது வழக்கம். தெருவில் விளக்கு எரியவில்லை, கம்பி செத்துவிட்டது என்று நினைத்துத் தொடுகிறவர் அந்த நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாகவும் கரண்ட் வரலாம். அதனால் அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும், மின்வாரிய ஆள் வந்து இரு பக்கமும் எர்த் செய்து சொல்லும்வரை அது உயிருள்ள கம்பிதான்.

கம்பி விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். கம்பிக்குப் பக்கத்தில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. இரண்டு காலையும் அகட்டி வைத்தால், ஒரு காலுக்கும் மற்றொரு காலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உடம்பு வழியே பாயும். மாடுகளுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் நெஞ்சு. மனிதன் தப்பிய இடத்தில் மாடு விழுவது இதனால்தான். அப்படி ஒரு இடத்தில் இருப்பதை உணர்ந்தால் இரு பாதங்களையும் ஒட்டவைத்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். விழுந்த மாட்டைக் காப்பாற்ற ஓடாதீர்கள். முதல் வேலை 94987 94987 என்ற எண்ணில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கும் பிரிவு அலுவலகத்துக்கும் கம்பத்தின் எண்ணைச் சொல்லிக் கரண்டை நிறுத்தச் சொல்வது. இரண்டாவது வேலை, யாரும் நெருங்காமல் ஆள் நிறுத்துவது.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். இருக்கிற காவலையும் நாமே பல இடங்களில் கெடுத்துவைத்திருக்கிறோம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கேபிளில் இருந்து உருவிய தடிமனான கம்பியைச் சுற்றிவிடுகிறோம். அதன்பின் அந்த ஃபியூஸ் எதற்கும் போகாது, மோட்டாரும் வயரிங்கும்தான் போகும். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனால் லைன்மேன் வரத் தாமதமாகிறது என்று ஊர்க்காரரே 11,000 வோல்ட் வரத்தைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கிவிட்டு மேலே ஏறுகிறார். மூன்று பிளேடில் ஒன்று ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றால் அந்த ஃபேஸில் 11,000 வோல்ட் இருக்கும். விவசாயியை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாத இடம் இது. களப்பணியாளர் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கும்போது, கருகுகிற பயிரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஒருவர் காத்திருப்பார்? ஆனாலும் ஏறாதீர்கள். தாமதத்துக்கு உரிய வழி கீழே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குள் வருவோம். நம் வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த் நாம் போட்டுக்கொள்வது. கிரைண்டரின் உடம்பில் கரண்ட் கசிகிறது, எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், ஓடுவது சுமார் 11 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. வெயில் காலத்தில் குழி காய்ந்தால் தடை இன்னும் ஏறும். எம்.சி.பி. போட்டிருக்கிறோம், ஷாக் அடிக்காது என்று நம்புகிறவர்கள் ஏராளம். எம்.சி.பி. காப்பது வயரை.

மனிதனைக் காக்கச் செய்யப்பட்ட கருவி ஆர்.சி.சி.பி. கடைகளில் இன்னும் இ.எல்.சி.பி. என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறி மண்ணுக்குப் போனால் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிடும், கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக. வீட்டு இணைப்புகளுக்கு இது வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் சொல்லியிருக்கிறது. ஆனால் பழைய வீடுகளில் யாரும் வந்து பார்ப்பதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் உள்ளதாக, 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் ‘T’ என்ற பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது என்று பொருள். அது அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் டைரக்ட் செய்துவிட்டுப் போனால் விடாதீர்கள். கசிவு ஹீட்டரிலோ மோட்டாரிலோ ஈரச் சுவரிலோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. இதற்கும் எல்லை உண்டு: ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கையால் பிடித்தவரை இந்தக் கருவி காப்பாற்றாது. எம்.சி.பி. செய்கிற வேலையையும் செய்யாது. இரண்டும் வேண்டும், எர்த்தும் வேண்டும். சர்வீஸ் வயரில் கசிந்தால் இந்தக் கருவிக்குத் தெரியாது, அதனால் அந்த வயரைத் தாங்கும் இரும்புக் குழாயில் துணி உலர்த்தும் கம்பியைக் கட்டாதீர்கள்.

விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் மெயினை உடனே அணையுங்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை வரும்.

இனி உரிமைகள். முதலாவது உயரம். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது, 11,000 வோல்ட் கம்பி 6.1 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. வயல்வெளியில் உறையில்லாத கம்பிக்குக் குறைந்தது 4.6 மீட்டர். நெல் அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய வண்டியும் போகிற ஊர்களில் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டுச் சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். தேரோ சப்பரமோ புறப்படும் ஊர் எதுவானாலும், பாதையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து மின்நிறுத்தம் கேளுங்கள்.

சாய்ந்த கம்பம், தொய்ந்த கம்பி, ஷாக் அடிக்கிற ஸ்டே கம்பி, மரம் உரசும் லைன் எதுவானாலும் வாய்மொழிப் புகாரோடு நிறுத்தாதீர்கள். மின்னகத்தில் சொன்னால் புகார் எண் வாங்குங்கள். உதவி மின் பொறியாளருக்குக் கம்ப எண், தேதியோடு மனு எழுதி ஒப்புதல் முத்திரை வாங்குங்கள், முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாளை விபத்து நடந்தால், வாரியத்துக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஃபியூஸ் போட, டிரான்ஸ்பார்மர் மாற்ற, வோல்டேஜைச் சரிசெய்ய என்று ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. ஒழுங்குமுறை ஆணையத்தின் செயல்திறன் தர விதிகளில் அது இருக்கிறது, தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு என்றும் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகளும் அதற்கு அடிப்படை. தொகை சிறியதுதான். ஆனாலும் கேட்க வேண்டும், ஏனென்றால் தாமதம் கணக்கில் ஏறுவது அப்போதுதான். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் காஞ்சிபுரம் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் மின் குறை தீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டு இடத்திலும் நீங்களே வாதாடலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

உயிர் போய்விட்டால் அவசரத்தில் அடக்கம் செய்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை, விழுந்த கம்பியின் படம், மூன்றும் வேண்டும். விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விசாரணை நடக்கலாம் என்பதும் 2003 மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு. அந்த விசாரணை அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அரசோ வாரியமோ தரும் கருணைத்தொகையை வாங்கியதோடு வழி அடைபட்டுவிடுவதில்லை. 1997இல் மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியில் சைக்கிளில் வந்தவர் இறந்த வழக்கில், யாரோ மின்சாரம் திருடப் போட்ட கம்பி அது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதாடியது. 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவ்வளவு ஆபத்தான பொருளை விநியோகிக்கிறவர், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பாளிதான் என்று தீர்ப்பளித்தது. ஷைல் குமாரி வழக்கு என்று வக்கீலிடம் சொன்னால் தெரியும்.

இந்தப் பொறுப்பு நமக்கும் பொருந்தும். காட்டுப்பன்றிக்காக லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலி போடுவது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன, விவசாயி கைதானார். ராத்திரி மடை திருப்ப வருகிற பக்கத்து வயல்காரரையும் அதே வேலி கொல்லும்.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் வைத்து ஊரே மேற்பார்த்ததைச் சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த இடம் உத்திரமேரூர். மின்கம்பிகளுக்கும் இன்று அந்த மேற்பார்வை வேண்டும். அதைப் பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்க வேண்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குக் கிராம சபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வருவது அக்டோபர் 2 கூட்டம். உங்கள் ஊரில் சாய்ந்த கம்பங்களின் எண்களையும் தொய்ந்த கம்பிகள் இருக்கும் இடங்களையும் எழுதி எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். தீர்மானமாக நிறைவேற்றி, நகலைச் செயற்பொறியாளருக்கு அனுப்புங்கள்.