பக்கத்துக் கிணற்றின் நஞ்சு

வரைபடங்களின் அறிவியல் – தொடர்

கனடாவின் நில வளங்களைக் கணக்கெடுக்கும் தேவையிலிருந்து 1960களில் ரோஜர் டாம்லின்சனின் முயற்சியால் புவியியல் தகவல் அமைப்பு உருப்பெற்றதையும், அக்கருவியைச் சுற்றித் தனக்கே உரிய ஆய்வுக் கேள்விகளைக் கொண்ட ஓர் அறிவியல் வளர வேண்டும் என்று 1992இல் மைக்கேல் குட்சைல்டு வாதிட்டதையும் முந்தைய பகுதிகள் விளக்கின. இத்துறையில் முதுநிலைப் படிப்பை நாடுவோர் பெரும்பாலும் புவியியல், நிலவியல், சிவில் பொறியியல், வேளாண்மை, கணினியியல் போன்றவற்றுள் ஒன்றில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள். ஆறு, சாலை, ஊர் எல்லை ஆகிய தகவல் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வண்ண வரைபடம் எடுப்பதற்கு அவர்கள் முதல் பருவத்திலேயே பழகிவிடுகின்றனர். அப்படியானால் எஞ்சிய பருவங்களில் கற்க என்ன இருக்கிறது என்னும் நியாயமான கேள்விக்கு, தென் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் நடந்த ஆய்வு ஒன்று தெளிவான விடை தருகிறது.

வங்காளத்தின் தேசியக் கல்வி இயக்கத்தில் 1906ஆம் ஆண்டு வேர்விட்டு, 1955இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். அதன் சுற்றுச்சூழல் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த வேதியியலாளர் தீபங்கர் சக்ரவர்த்தி, மேற்கு வங்கத்தின் நிலத்தடி நீரில் கலந்திருந்த ஆர்செனிக் என்னும் நஞ்சைத் தேடும் பணியை 1988இல் தொடங்கினார். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, மார்பில் கரும்புள்ளிகள் படர்ந்த நோயாளிகளை அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1983இல், கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா கண்டறிந்திருந்தார். மாநிலத்தின் அன்றைய 19 மாவட்டங்களிலிருந்தும் இருபது ஆண்டுகளில் 1,40,150 குழாய்க்கிணறுகளின் நீரைச் சோதித்த ஜாதவ்பூர் குழு, அவற்றுள் 48.1 விழுக்காட்டில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவன வரம்பையும், 23.8 விழுக்காட்டில் 50 மைக்ரோகிராம் என்னும் அன்றைய இந்திய வரம்பையும் மீறி ஆர்செனிக் இருப்பதாக 2009இல் அறிவித்தது. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காப்பதற்காகவே இக்குழாய்க்கிணறுகள் ஊர்தோறும் இறக்கப்பட்டன என்பதை எண்ணும்போது இத்துயரத்தின் ஆழம் புரியும்.

இத்தனை அளவீடுகள் கையில் இருந்தால், எந்த ஊரில் நல்ல நீர், எந்த ஊரில் நச்சு நீர் என்று வரைந்துவிடலாமே என்று தோன்றும். சோதிக்கப்பட்ட புள்ளிகளின் மதிப்புகளைக் கொண்டு, சோதிக்கப்படாத இடங்களின் மதிப்பைக் கணிப்பதற்கு இடைமதிப்பீடு என்று பெயர். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகேயின் பெயரால் வழங்கும் கிரிகிங் அம்முறைகளுள் புகழ்பெற்றது. இவையெல்லாம், எல்லாப் பொருள்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவையே எனினும் அண்மையில் உள்ளவை தொலைவில் உள்ளவற்றைவிட நெருங்கிய தொடர்புடையவை என்று வால்டோ டாப்ளர் 1970இல் முன்வைத்த விதியின்மேல் நிற்கின்றன. மழையளவுக்கும் வெப்பநிலைக்கும் இவ்விதி பெரிதும் பொருந்துகிறது.

கங்கைச் சமவெளியின் ஆர்செனிக்கோ இவ்விதியைச் சிற்றூர் அளவிலேயே முறியடித்துவிடுகிறது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில், இரும்புத் துகள்களைப் பற்றியிருக்கும் ஆர்செனிக், மட்கிய கரிமப் பொருள் மிகுந்து ஆக்சிஜன் அற்றுப்போன அடுக்குகளில்தான் பெரும்பாலும் நீரில் கரைகிறது. பழைய ஆற்றுத்தடம், களிமண் படுகை, மணல் திட்டு ஆகியவை சில பத்து மீட்டர்களுக்குள் மாறிமாறி அமைவதால், ஒரு வீட்டின் கிணறு நஞ்சாகவும் அடுத்த வீட்டின் கிணறு குடிக்கத் தக்கதாகவும் இருக்கக்கூடும். வரைபடத்தில் ஒரே புள்ளியாகத் தோன்றும் இரண்டு கிணறுகளில் ஒன்று 30 மீட்டர் ஆழத்திலும் மற்றொன்று 200 மீட்டர் ஆழத்திலும் நீர் எடுக்குமானால், அவற்றின் நீர் முற்றிலும் வேறுபடலாம். இந்நிலையில் மென்பொருள் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் வரைந்து தரும் வழவழப்பான வண்ணப் பரப்பு, நஞ்சுக் கிணற்றைப் பாதுகாப்பானது என்று காட்டக்கூடிய ஆபத்தான படமாகும். தூரம் கூடக்கூட மதிப்புகளின் வேறுபாடு எவ்வாறு வளர்கிறது என்பதைக் காட்டும் வேரியோகிராம் என்னும் வரைவை முதலில் எடுத்து, மிகக் குறைந்த தூரத்திலேயே வேறுபாடு உச்சத்தை எட்டுவதைக் கண்டு, இங்கே பரப்பு வரையக் கூடாது, கிணறு கிணறாகச் சோதிப்பதே வழி என்று சொல்லத் தெரிந்தவரே இத்துறையில் முதுநிலைப் பட்டத்துக்கு உரியவர். வங்கதேசத்தில் கிணறுகளைத் தனித்தனியே சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசியது இவ்வகையில் மிகச் சரியான முறை.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதும் எளிய செய்தி அன்று. ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாடு 2000 மே மாதத்தில் நீக்கப்படும்வரை, பொதுமக்களின் கருவிகளில் நூறு மீட்டர் அளவுக்குப் பிழை நேரலாம் என்ற நிலை இருந்தது. அடுத்தடுத்த கிணறுகளைப் பிரித்தறிய அது உதவாது. வங்காளத்தின் வருவாய்க் கிராமமாகிய மௌஸாவின் பெயரை எழுதினால் ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் என்பதால், ஜே.எல். எண் எனப்படும் பட்டியல் எண்ணையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள், புவியின் வடிவத்துக்கு 1830இல் கணிக்கப்பட்ட எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை; ஜிபிஎஸ் கருவியோ உலகு முழுமைக்குமான வேறொரு நீள்கோளத்தைப் பயன்படுத்துகிறது. உரிய மாற்றம் செய்யாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கொல்கத்தாப் பகுதியில் ஒரு புள்ளி இருநூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும். சென்னை பரங்கிமலை அருகே 1802இல் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வரலாறு, இன்றைய மாணவரின் கணினித் திரையில் இவ்வாறு குறுக்கிடுகிறது.

கிணற்று அளவீடுகளை ஒன்றிய வாரியாகச் சராசரி எடுத்து நிறம் தீட்டும் வழக்கமும் உண்டு. எல்லைக் கோட்டை மாற்றி வரைந்தால் சராசரியும் மாறும் என்பதால், நிதி ஒதுக்கீட்டுக்குப் பயன்படும் அவ்வகைப் படத்தை எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்பதற்குப் பயன்படுத்தலாகாது.

சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம், திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், டேராடூனில் 1966இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆகியவை இத்துறையில் தமிழ் மாணவர்கள் நன்கு அறிந்த இடங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் கிணறுகளில் ஃப்ளோரைடு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் சிதைத்துவரும் தமிழ்நாட்டில், ஜாதவ்பூரின் அனுபவத்துக்கு நேரடியான வேலை இருக்கிறது. இம்மாவட்டங்களில் பாறைப் பிளவுகளின் வழியே நீர் ஓடுவதால், இரு கிணறுகளுக்கு இடைப்பட்ட மதிப்பை ஊகிப்பது வண்டல் நிலத்தில் போலவே இடர் நிறைந்தது. ஆகவே இப்படிப்பில் சேர எண்ணும் மாணவர்கள், எந்தெந்த மென்பொருள் கற்பிக்கப்படும் என்று விசாரிப்பதற்கு முன், புவிப்புள்ளியியலுக்கும் நில அளவையியலுக்கும் பாடத்திட்டத்தில் எவ்வளவு இடம் உண்டு, மாதிரி எடுக்கக் களத்துக்கு அனுப்புவார்களா என்னும் இரண்டையும் அவசியம் கேட்டறிய வேண்டும்.

(தொடரும்)