பாராளுமன்ற வாக்கெடுப்பும் பெருந்தோட்டப் பெண்களும்

பாராளுமன்ற வாக்கெடுப்பு என்றால் அது ஆண்கள் தேநீர்க் கடையில் பத்திரிகையை விரித்து வைத்துப் பேசும் விடயம் என்றே எமது பெண்களில் பலர் எண்ணுகின்றனர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் மாதர் சங்கங்களோடு பணியாற்றும் எனக்கு இது புதிதல்ல. "அவங்க ஓட்டுப் போட்டா நமக்கு என்னாங்க மிஸ் கெடைக்கப் போவுது?" என்று யட்டியாந்தோட்டைப் பக்கம் பால் வெட்டும் அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தச் சபையில் விழுந்த வாக்குகள் எம்மிடமிருந்து பறித்தவையும் அதிகம், திருப்பித் தந்தவையும் உண்டு.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1949 இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட, தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் வாக்குரிமையை இழந்தனர். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்த அந்த மக்களே 1977 ஆம் ஆண்டு வன்செயலில் தாக்கப்பட்டனர். சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறின. பின்னர் யுத்தம் அவர்களை அங்கும் விட்டுவைக்கவில்லை. இதை வாசிக்கும் சகோதரிகள் சிலரின் தாய்மார் அவ்வாறு போனவர்களாக இருக்கலாம்.

2003 ஒக்டோபரில் அதே பாராளுமன்றம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. யுத்தம் காரணமாகத் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றவர்கள் இதில் விடுபட்டிருந்ததால் 2009 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சபை பறித்ததை அதே சபை திருப்பிக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இனி அண்மைக்கால வாக்கெடுப்புகளுக்கு வருவோம்.

2025 செப்டெம்பர் 10 ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதிகளுக்கும் காலமான ஜனாதிபதிகளின் மனைவியருக்கும் அரச இல்லம், வாகனம் போன்ற சலுகைகளை வழங்கிய 1986 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. ஆதரவாக 151 வாக்குகள், எதிராக 1. யுத்தத்தில் கணவனை இழந்து, மழை ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளை வளர்க்கும் பெண்கள் வாழும் நாட்டில், இதை நான் வரவேற்கிறேன். அதேவேளை, மிச்சமாகும் பணம் யாருடைய கூரைக்குப் போகிறது என்று கேட்கவும் எமக்கு உரிமை உண்டு.

2025 நவம்பர் 7 ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 2026 ஜனவரி முதல் 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்தவும், அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழியப்பட்டது. மொத்தம் 1750 ரூபா. நவம்பர் 14 இல் நடந்த இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் 160 பேர் ஆதரித்தனர், 42 பேர் எதிர்த்தனர். கம்பனித் தோட்டத் தொழிலாளருக்கு அரச பணம் கொடுக்கலாமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களுக்கு அரசு தரும் 200 ரூபா தானமாகாது என்பதே என் கருத்து.

ஆயினும், வரவு செலவுத் திட்டம் நிறைவேறியதும் பணம் கையில் வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான். றப்பர் தோட்டத்தில் காலையில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேரும் இல்லை, வருகைக் கொடுப்பனவும் இல்லை. தேயிலை நிலத்தைப் பிரித்துக் கொடுத்து கொழுந்தை நிறைக்கு வாங்கும் முறையில் உள்ளோருக்கும், கிராமத்துச் சிறு தோட்டங்களில் கைக்காசுக்கு வேலை செய்வோருக்கும் நாட்சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவர்களில் அதிகமானோர் பெண்களே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாராளுமன்றத்தில் இருப்பவர்கள் 225 பேர். செப்டெம்பர் வாக்கெடுப்பில் 70 இற்கு மேற்பட்டோர் எந்தப் பக்கத்திலும் வாக்களிக்கவில்லை. நவம்பரில், சபாநாயகர் உட்பட, 23 பேர் இரு பக்கத்திலும் இல்லை. நாம் ஒருநாள் பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது. எமது வாக்கைப் பெற்றுச் சென்றவர் முக்கியமான நாளில் சபையில் இல்லையென்றால் அதை யார் கேட்பது?

சில சமயம் வாக்குகள் எண்ணப்படுவதுமில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016 ஓகஸ்டில் பெரும் கூச்சலுக்கு மத்தியில் வாக்கெடுப்பின்றியே நிறைவேறியது. பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரம் அமர்ந்திருந்த தாய்மாருக்கு, யார் தம் பக்கம் நின்றார் என்பதைப் பெயர் பெயராக அறியும் வாய்ப்பு அன்று கிடைக்கவில்லை. பெயர் குறித்த வாக்கெடுப்பு நடந்தால் யார் எப்படி வாக்களித்தார் என்பது ஹன்சாட்டில் பதிவாகும். அந்தப் பதிவு எமக்கு வேண்டும்.

இரத்தினபுரியில் 11, கேகாலையில் 9 என எமது மாகாணத்திலிருந்து இருபது பேர் மாவட்ட ரீதியாகத் தெரிவாகின்றனர். அவர்கள் எந்த மொழி பேசினாலும் எமது பிரதிநிதிகளே. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் சீட்டுக் கணக்குப் பார்த்து முடிந்ததும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். சம்பளம், காணி, வீடு, காணாமற்போனோர் தொடர்பான கடைசி வாக்கெடுப்பில் எமது மாவட்டத்து உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் இந்நாட்டின் அரசகரும மொழிதான். பதில் வந்தால் சங்கத்தில் உரத்து வாசியுங்கள். வராவிட்டால் அதையும் குறித்து வையுங்கள், சகோதரிகளே. வாக்குக் கேட்டு அவர்கள் மீண்டும் லயத்து வாசலுக்கு வரும்போது அது பயன்படும்.