ஒரே ஏட்டில் இருவர் எழுதினால்?

சென்ற பொங்கல் விழாவின்போது எங்கள் சங்கத்தில் நிகழ்ந்த சங்கடம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு வருவோர் தம் பெயரைச் சங்கத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டுமென்பது ஏற்பாடு. பந்தி தொடங்கும் வேளையில், ஊரிலிருந்து வந்திருந்த வயது முதிர்ந்த தாயாரை அழைத்துக்கொண்டு ஓர் அன்பர் வாயிலில் வந்து நின்றார். ஜாபிதாவில் அவர் பெயர் இல்லை. "பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்று தளம் தந்த விடையை அவர் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். காரியதரிசி கைகூப்பி வரவேற்று அவர்களைப் பந்தியில் அமர்த்தினார்; இலைக்கும் குறைவில்லை. ஆயினும் அந்த அம்மையாரின் முகம் வாடியதைக் கண்டேன். பிறந்த மண்ணுக்குத் தொலைவில் வாழும் நமக்கு, சங்கத்தின் ஜாபிதாவில் பெயர் இல்லை என்பது சிறிய விஷயமன்று.

அன்பர் பதிந்தது உண்மை. தளம் நன்றி கூறியதும் உண்மை. அவ்வாறாயின் பெயர் எங்கே போயிற்று?

நிகழ்ந்தது என்ன?

சர்வர் என்றதும் ஓட்டலில் காப்பி கொண்டுவருபவர் நம் நினைவுக்கு வருவார். இணையதளத்தைத் தாங்கி நிற்கும் சர்வர் என்னும் கணினியின் வேலையும் ஏறக்குறைய அதுவே: கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து தருவது. ஆனால் அது ஒரே சமயத்தில் பலருக்குப் பரிமாறும். தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஜாபிதா அந்தச் சர்வரில் ஒரு கோப்பாக இருந்தது. புதிய பெயர் வந்தவுடன் நிரல் மூன்று காரியங்களைச் செய்யும்: கோப்பு முழுவதையும் படிக்கும், பெயரைச் சேர்க்கும், முழுவதையும் திரும்ப எழுதும். கோப்பில் 40 பெயர்கள் இருந்தன எனக் கொள்வோம். இரு குடும்பத்தினர் ஒரே நொடியில் பதிகின்றனர். இருவருக்காகவும் இயங்கும் நிரல்கள் அதே 40 பெயர்களைப் படிக்கின்றன. முதலாவது தன் பெயரைச் சேர்த்து 41 ஆக எழுதுகிறது. அதை அறியாத இரண்டாவது, தான் படித்த 40-உடன் தன் பெயரைச் சேர்த்து அதன்மீதே எழுதுகிறது. முதற்பெயர் சுவடின்றி மறைகிறது. எவருக்கும் பிழைச் செய்தி வருவதில்லை. இருவருக்கும் நன்றியே வருகிறது. இத்தவற்றின் கொடுமை அதன் மௌனத்தில்தான் உள்ளது.

பூட்டும் டோக்கனும்

முன்னாளில் ஒற்றை இருப்புப்பாதையில் ஊருக்குப் போய்வந்த பெரியவர்கள் ஒரு காட்சியை மறந்திரார்கள். நிலைய அதிகாரி பெரிய வளையத்தோடு கூடிய பையொன்றை எஞ்சின் டிரைவரிடம் நீட்டுவார். அதனுள் இருப்பது டோக்கன். இரு நிலையங்களுக்கிடையே ஒரு சமயத்தில் ஒரே டோக்கன்தான் வெளியே வரும். அதைப் பெறாத வண்டி அப்பாதையில் நுழையலாகாது.

கணினிக்கும் இதுவே நெறி. பொதுப்பொருளைக் கையாளும் பகுதிக்குள் ஒரு சமயத்தில் ஒருவரே நுழைய வகைசெய்யும் முறையை, ஹாலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இல் ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டினார். 1983-இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் 'ஃப்ளாக்' என்னும் கோப்புப் பூட்டு இடம்பெற்றது. இன்று லினக்ஸ் சர்வர்களிலும் அது உண்டு.

பூட்டைப் பயன்படுத்துவோர் மூன்றை மறத்தலாகாது. முதலாவது, பூட்டைப் படிப்பதற்கு முன்பே பெற்று, எழுதி முடிந்த பின்னரே விடவேண்டும். எழுதும்போது மட்டும் பூட்டினால் மேற்சொன்ன விபத்து அப்படியே நிகழும். இரண்டாவது, 'ஃப்ளாக்' கேட்டு நடப்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். கேளாமல் எழுதும் நிரல் ஒன்று இருப்பினும் காவல் வீணே. மூன்றாவது, பி.எச்.பி. மொழியில் 'டபிள்யூ' முறையில் கோப்பைத் திறந்தால், திறந்த கணமே அது காலியாகிவிடும். பூட்டைக் கேட்பதற்குள் ஜாபிதா போயிருக்கும். ஆகவே பூட்டுக்கென்றே தனிக்கோப்பு ஒன்றை வைத்துக்கொள்வது நலம்.

மின்சாரம் நின்றால்?

பாதி எழுதும்போது கணினி நின்றுவிட்டால் ஜாபிதாவும் பாதியாகவே நிற்கும். இதற்கும் வழியுண்டு. புதிய ஜாபிதாவை அதே அடைவில் தற்காலிகக் கோப்பொன்றில் எழுதி, அது வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்து, பின் அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டிவிடவேண்டும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் இப்பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். படிப்பவர் காண்பது முழுப் பழையதாகவோ முழுப் புதியதாகவோ இருக்கும். பெயர் மாறும்போது கோப்பே மாறிவிடுவதால், பூட்டை ஜாபிதாவின் மீதே போட்டிருந்தால் அது பழைய கோப்போடு போய்விடும். பூட்டைத் தனியே வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. கோப்பில் எழுத முடியவில்லை என்றவுடன், 777 என்னும் எண்ணைக் கொடுத்து எல்லோருக்கும் எல்லா உரிமையும் வழங்கிவிடுவது சிலர் வழக்கம். வீட்டுச் சாவியை வாயிற்படியில் வைப்பதற்கு ஒப்பானது அது. இணையதள நிரல் எந்தக் கணக்கின் பெயரால் இயங்குகிறதோ அதற்கு மட்டும் எழுதும் உரிமை தருக. அங்கத்தினரின் தொலைபேசி எண்களைக் கொண்ட கோப்பைப் பொதுமக்கள் திறந்து பார்க்கக்கூடிய அடைவில் ஒருபோதும் வைக்கவேண்டாம்.

இவ்வளவு தொல்லை ஏன் என்பார்க்கு எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம் உண்டு. 2000-இல் வெளிவந்த இது ஒரே கோப்பில் அடங்கும், விலையில்லை. எழுதுவோரை வரிசையில் நிறுத்துவதையும், பாதியில் நின்ற வேலையை விலக்குவதையும் அதுவே கவனித்துக்கொள்ளும். சிறிய சங்கத்துக்கு அது போதும். ஆயினும் அதை வலைப்பின்னல் வழியே பகிரப்படும் வட்டில் வைக்கலாகாது. அங்கே பூட்டுகள் பலசமயம் நம்பத்தக்கன அல்ல.

எங்கள் தளத்தை அமைத்த இளைஞர் குறையை ஒப்புக்கொண்டு அனைத்தையும் திருத்தி எழுதினார். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே ஐந்து நொடி நிற்குமாறு நிரலில் தற்காலிக மாற்றம் செய்து, காரியதரிசியையும் என்னையும் ஒருசேரப் பதியச் சொன்னார். பழைய நிரலில் ஒரு பெயரே மிஞ்சியது. புதியதில் இரண்டும் இருந்தன. தத்தம் சங்கத்தின் தளத்தைப் பேணும் நம் பிள்ளைகள் இச்சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பார்களாக. அடுத்த பொங்கலுக்குள் செய்தால் நன்று.