செய்தியைச் சுருக்கும் கணக்கு

காசோலையில் தொகையை எண்ணாலும் எழுதுகிறோம், எழுத்தாலும் எழுதுகிறோம். ஒன்றை யாரேனும் திருத்தினால் மற்றொன்று காட்டிக் கொடுத்துவிடும். கணிப்பொறிகளிடையே செல்லும் செய்திகளுக்கும் இத்தகைய காவல் தேவைப்படுகிறது. ஆயிரம் பக்க நூலாயினும் சரி, ஒரு வரிக் கடிதமாயினும் சரி, அதிலுள்ள எழுத்துகள் அனைத்தையும் ஒரு குறிப்பிட்ட முறையில் கலந்து, ஒரே அளவுள்ள எண்ணாக ஆக்கிவிடலாம். அவ்வெண்ணைச் 'செய்திச் சுருக்கம்' என்பர். செய்தியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அனுப்பியவர் நம்பகமான வேறொரு வழியில் தெரிவித்த எண்ணும், பெற்றவர் தாமே கணக்கிட்ட எண்ணும் ஒத்திருந்தால், செய்தி வழியில் சிதையவில்லை எனக் கொள்ளலாம்.

இவ்வகை முறைகளுள் பெயர் பெற்றது 'எம்டி5'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ரிவெஸ்ட் இதனை 1991-இல் வகுத்தார். 1992 ஏப்ரலில் முழு விளக்கம் வெளியாயிற்று. இம்முறை தரும் சுருக்கம் 128 பிட் நீளமுள்ளது. 32 பிட் எண்களைக் கையாளும் பொறிகளில் விரைந்து நடக்க வேண்டும் என்பதே இதன் நோக்கங்களுள் ஒன்று.

மொழிமாற்றி இல்லாத இடம்

'சி' போன்ற மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் என்னும் மொழிமாற்றி, பொறி நேரடியாக உணரும் கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றித் தந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல், லூவா போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் நாம் இந்த வேலையைத் தனியே செய்வதில்லை. எழுதியபடியே கொடுக்கிறோம், இயக்கும் நேரத்தில் வேறொரு நிரல் அதற்குப் பொருள் கண்டு செயற்படுத்துகிறது.

இம்மொழிகளில் செய்திச் சுருக்கம் வேண்டுவோர் பொதுவாகச் 'சி'யில் எழுதி மாற்றப்பட்ட துணை நிரல் ஒன்றை அழைப்பது வழக்கம். ஆனால் அத்துணை எங்கும் கிடைப்பதில்லை. வாடகைக்கு எடுத்த கணிப்பொறியில் புதியதொன்றை நிறுவ அனுமதி இராது. இன்றைய இணைய உலாவிகளில் செய்திச் சுருக்கத்திற்கென்றே உள்ளமைந்த வசதி உண்டு. ஆயினும் அதில் எம்டி5 சேர்க்கப்படவில்லை. அப்படியானால் ஸ்கிரிப்ட் மொழியை மட்டும் கொண்டே இதைக் கணக்கிட முடியுமா?

முடியும். ஏனெனில் எம்டி5 எந்தப் பொறியையும் சார்ந்ததன்று. அது வெறும் எண் கணக்கு. செய்தியின் இறுதியில் நிரப்புப் பிட்டுகளையும் செய்தியின் நீளத்தையும் சேர்த்து, அதனை 512 பிட்டுகள் கொண்ட துண்டங்களாகப் பிரிக்கிறார்கள். நான்கு 32 பிட் எண்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டத்தையும் 64 படிகளில் அவற்றோடு கலக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் நிகழ்பவை மூன்றே: கூட்டல், பிட்டுகளை ஒப்பிடல், பிட்டுகளைச் சுழற்றல். படிக்கு ஒன்றாகச் சேர்க்கப்படும் 64 மாறிலிகளும் சைன் மதிப்புகளிலிருந்து பெறப்பட்டவை. 1 ரேடியனின் சைன் மதிப்பை 4,294,967,296-ஆல், அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கால் பெருக்கிப் பின்னத்தை நீக்கினால் முதல் மாறிலி வரும். அது 3,614,090,360.

எண்ணில் ஒரு பொறி

32 பிட் கூட்டலைப் புரிந்துகொள்ள, பஸ்ஸில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 99999-க்குப் பின் அது மீண்டும் 00000 காட்டும். 32 பிட் பொறியில் கூட்டுத்தொகை 4,294,967,296-ஐ எட்டியதும் இவ்வாறே மேலே மிகுவது தானாக உதிர்ந்துவிடுகிறது. எம்டி5-க்கு வேண்டியதும் இதுவே.

ஸ்கிரிப்ட் மொழிகளில் இது தானாக நிகழ்வதில்லை. பைத்தான் மொழியில் முழு எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். நாமே ஒவ்வொரு முறையும் மிகுதியை வெட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் தசமப் பின்னங்களையும் ஏற்கும் மிதவை எண்கள். அவற்றில் 9,007,199,254,740,992 வரை முழு எண்கள் பிழையின்றி நிற்கும். அதற்கு மேல் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. நல்ல வேளையாக, எம்டி5-இன் ஒரு படியில் நான்கு எண்களைத்தான் ஒருசேரக் கூட்டுகிறோம். தொகை 17,179,869,184-ஐ எட்டாது. கூட்டியபின் மிகுதியை வெட்டினால் போதும்.

பிட் சுழற்சியையும் பள்ளிக் கணக்கால் செய்துவிடலாம். எளிமைக்காக 8 பிட் எண் ஒன்றைக் காண்போம். 178 என்பதன் இரும வடிவம் 10110010. இதனை இடப்புறமாக மூன்று இடம் சுழற்றினால், முன்னிருந்த 101 பின்னால் சென்று 10010101 ஆகும், அதாவது 149. இப்போது 178-ஐ 8-ஆல் பெருக்குங்கள்: 1424. அதனை 256-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 144. இரண்டையும் கூட்டினால் அதே 149! 2006-இல் வெளிவந்த லூவா 5.1 பதிப்பில் பிட்டுகளைக் கையாளும் குறிகளே இல்லை. அத்தகைய மொழியிலும் பெருக்கலும் வகுத்தலும் உண்டல்லவா? அவையே போதும்.

மற்றொரு விந்தை. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய எம்டி5 நிரலைத் திறந்து பார்ப்போர், முதல் மாறிலி இருக்க வேண்டிய இடத்தில் −680,876,936 என்ற குறை எண்ணைக் காண்பதுண்டு. இது பிழையன்று. அம்மொழியின் பெரும்பாலான பிட் குறிகள் 32-ஆம் பிட்டைக் குறை அடையாளமாகக் கொள்கின்றன. 3,614,090,360-இலிருந்து 4,294,967,296-ஐக் கழித்துப் பாருங்கள். அதே எண் வரும். பிட்டுகள் மாறவில்லை, படிக்கும் முறைதான் வேறு.

எழுத்தில் ஒரு பொறி

இவற்றைவிட ஏமாற்றக்கூடிய இடம் ஒன்றுண்டு. எம்டி5-க்கு எழுத்து தெரியாது; 0 முதல் 255 வரையுள்ள பைட்டுகளே தெரியும். ஆங்கில எழுத்துகளின் எண்கள் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். யூனிகோடு அட்டவணையில் தமிழ் 'அ'வின் எண் 2949. இதை யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என மூன்று பைட்டுகளாக்கிய பின்னரே சுருக்கக் கணக்கிற்குக் கொடுக்க வேண்டும்.

பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் சில அவ்வாறு செய்யவில்லை. எழுத்தின் எண்ணில் கீழுள்ள 8 பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே உள்ளதை விட்டுவிட்டன. 2949-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 133. கன்னட மொழியின் 'அ'வுக்கு யூனிகோடு எண் 3205. அதனை வகுத்தாலும் மீதி 133 தான்! ஆகவே அந்நிரல்களுக்குத் தமிழ் அகரமும் கன்னட அகரமும் ஒன்றே. இரு வேறு செய்திகளுக்கு ஒரே சுருக்கம். எந்தக் காவலுக்காக இக்கணக்கு பிறந்ததோ, அக்காவலே போய்விடுகிறது.

இப்பிழை நெடுநாள் கண்ணில் படாமல் இருக்க இயலுமா? இயலும். 1992-ஆம் ஆண்டு விளக்கத்தில் நிரலைச் சோதிப்பதற்கென ஏழு மாதிரிகளும் அவற்றிற்குரிய விடைகளும் தரப்பட்டுள்ளன. ஒன்று வெற்றுச் செய்தி. மற்ற ஆறும் ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் ஆனவை. தமிழைத் தவறாகப் படிக்கும் நிரலும் ஏழிலும் முழு மதிப்பெண் பெற்றுவிடும். கூட்டலில் பிழையிருந்தால் விடை அப்போதே தாறுமாறாகிக் காட்டிக் கொடுக்கும். எழுத்தில் உள்ள பிழையோ வாய் திறப்பதில்லை.

வேகமும் வலிமையும்

64 பைட்டுத் துண்டத்திற்கு 64 படிகள். அதாவது பைட்டுக்கு ஒரு படி. 1,048,576 பைட்டுகள் கொண்ட கோப்புக்கு ஏறத்தாழ அத்தனை படிகள் வேண்டும். மொழிமாற்றி இல்லாமையின் விலை இந்த வேகக் குறைவு ஒன்றே. ஒரு கடவுச்சொல்லுக்கோ கடிதத்திற்கோ அது பொருட்டன்று.

எம்டி5-இன் வலிமை வேறு செய்தி. 2004-இல் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர், ஒரே எம்டி5 சுருக்கம் தரும் இரு வேறு செய்திகளை உருவாக்கிக் காட்டினர். 2012-இல் வெளிப்பட்ட 'ஃபிளேம்' என்னும் தீய நிரல், இக்குறையைக் கொண்டே போலிச் சான்றிதழுடன் உலவியது. எனவே இன்று எம்டி5 தற்செயலான சிதைவைக் கண்டறிய மட்டுமே ஏற்றது. வஞ்சகரைத் தடுக்க எஸ்எச்ஏ-256 போன்ற முறைகளை நாட வேண்டும். அதுவும் 32 பிட் கூட்டல், ஒப்பிடல், நகர்த்தல், சுழற்றல் ஆகியவற்றால் ஆனதே. மேலே கண்ட வழிகள் யாவும் அதற்கும் பொருந்தும்.

நீங்கள் இத்தகைய நிரலை எழுதினாலும், பிறர் எழுதியதை எடுத்தாண்டாலும், ஏழு மாதிரிகளோடு எட்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அ' என்ற ஓர் எழுத்தைக் கொடுத்து, வரும் விடையை நம்பகமான வேறொரு நிரலின் விடையோடு ஒப்பிடுங்கள். ஒரு நொடியில் முடியும் இச்சோதனை, அந்நிரல் தமிழைப் படிக்கிறதா, படிப்பதாகப் பாவனை செய்கிறதா என்று சொல்லிவிடும்.