இறங்கிய பல்லை ஏற்றும் திருகாணி

பெங்களூரு ஜீவனஹள்ளியிலோ பக்கத்துக் காக்ஸ் டவுனிலோ இருக்கும் உங்கள் தாத்தா பாட்டிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இல்லையா? வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தாத்தாக்கள் இதற்கெல்லாம் வெட்கப்பட மாட்டார்கள்! பல் போன இடத்துக்கு நேர் மேலே இருக்கும் பல், பக்கத்துப் பற்களைவிடக் கொஞ்சம் இறங்கித் தொங்கலாம்.

அந்தப் பல் வளர்ந்துவிட்டதா? இல்லை. முயல், எலி போன்ற விலங்குகளுக்குத்தான் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும். நம் பல்லோ வேர் முழுமையானதும் வளர்வதை நிறுத்திவிடும். ஆனால் நகர்வதை நிறுத்தாது. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய நார்ப்படலம் உண்டு. எதிரே முட்டுவதற்குப் பல் இல்லாவிட்டால், மேல் பல் எலும்பையும் ஈறையும் கூட்டிக்கொண்டு மெதுவாகக் கீழே வரும்.

அதனால் என்ன என்கிறீர்களா? கீழே செயற்கைப் பல் வைக்கப் போனால் இடமே இருக்காது. மேல் பல்லை ராவிக் குட்டையாக்கலாம். நிறைய ராவினால் வேர் சிகிச்சை செய்து தொப்பியும் போட வேண்டிவரும். சொத்தையே இல்லாத பல்லுக்கு இது அநியாயம்தானே? அதைவிட, வந்த வழியே மேலே அனுப்புவது நல்லது.

இங்கேதான் நியூட்டன் வருகிறார். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது அவருடைய மூன்றாம் விதி. வழக்கமான கிளிப் போட்டுக் கடைவாய்ப் பல்லை மேலே தள்ளினால், பிடிமானமாக நிற்கும் பக்கத்துப் பற்கள் கீழே இறங்கும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணிக்குப் பதில் ஒரு புளியமரம் இருந்தால்? நீங்கள்தான் அதை நோக்கிப் போவீர்கள். வாய்க்குள்ளும் அப்படி அசையாத ஒன்று வேண்டும்.

1983இல் அமெரிக்காவில் க்ரீக்மோர், எக்லண்ட் என்ற இருவர், மூக்குக்குக் கீழே எலும்பில் ஒரு திருகாணியை வைத்து மேல் முன்பற்களை உயர்த்திக் காட்டினார்கள். 1997இல் ஜப்பானின் கனோமி, 1.2 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குட்டித் திருகாணியைப் பற்றி எழுதினார். இன்று இவை பெரும்பாலும் டைட்டானியக் கலவையில் செய்யப்படுகின்றன. பல் டாக்டர்கள் ‘மினி ஸ்குரூ’ என்பார்கள்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, கன்னப் பக்கம் ஒன்று, அண்ணத்தின் பக்கம் ஒன்று எனத் திருகுவார்கள். ஒரே பக்கம் இழுத்தால் பல் சாய்ந்துவிடும் அல்லவா? பிறகு ரப்பர் சங்கிலியால் பல்லைத் திருகாணியோடு இணைப்பார்கள். விசை அதிகமில்லை, நூறு, இருநூறு கிராம் எடையைத் தூக்கும் அளவுதான். பலமாக இழுத்தால் வேரின் நுனி கரையும் ஆபத்து உண்டு.

உண்மையான வேலையைச் செய்வது திருகாணி அல்ல, உயிரணுக்கள். வேர் அழுத்தும் இடத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் கூடிப் பல்லுக்கு வழி விடுகின்றன. வேறு உயிரணுக்கள் தேவையான இடத்தில் புது எலும்பு கட்டுகின்றன. இவை அவசரப்படாது. ஓரிரு மில்லிமீட்டர் ஏறவே மாதக்கணக்கில் ஆகும்.

வேலை முடிந்ததும் திருகாணியைக் கழற்றிவிடலாம். துளை தானே ஆறிவிடும். ஆனால் கீழே செயற்கைப் பல் வைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முட்டுவதற்கு ஒன்றுமில்லையென்றால் மேல் பல் மறுபடியும் இறங்கத் தொடங்கிவிடும்.