அவையில் வைக்கலாம், அசைக்க முடியாது!

புது தில்லி: கொச்சியின் மட்டாஞ்சேரி, 2006-ல் கேரள சட்டப்பேரவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. 2011 தேர்தலில் அப்பெயரில் தொகுதியே இல்லை. அப்பகுதி கொச்சி தொகுதியில் அடங்கியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுசீரமைப்பு ஆணையத்தின் உத்தரவே காரணம்.

இதற்கான 2002-ம் ஆண்டுச் சட்டம், மத்திய சட்டம், நீதித்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. அதன்படி, ஆணையத்தின் உத்தரவுகள் மக்களவையிலும் உரிய பேரவைகளிலும் வைக்கப்பட்டன. ஆனால், ஒரு வரியைக்கூட அவைகள் திருத்த இயலாது; அரசிதழில் வெளியானதுமே அவற்றுக்குச் சட்ட வலிமை வந்துவிட்டது. மாநிலத்துக்கு 5 எம்.பி.க்கள், 5 எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக இருந்தும் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை.

ஆளுங்கட்சிகள் தொகுதி எல்லைகளைத் தமக்குச் சாதகமாக வளைத்துவிடக் கூடாது என்பதே இதன் நியாயம். எனவே, மக்கள் குரலெழுப்ப வேண்டிய இடம், வரைவு வெளியானபின் ஆணையம் நடத்தும் பொது விசாரணையே. அங்கு வாளாவிருந்தவருக்காக அவையில் பேசலாம். எல்லையை மாற்ற முடியாது.