தொட்டியில் காகிதப்பூ: வெயில் மாடிக்கு ஏற்ற துணை

வீடு திரும்பும் நோயாளிகள் மருந்தையும் உணவையும் பற்றிக் கேட்டறிந்த பின், சற்றுத் தயங்கி இன்னொன்றையும் எங்களிடம் கேட்பதுண்டு: "பகல் முழுவதும் வீட்டில் என்ன செய்வது?" பல வாரங்களாகப் பிறரது கவனிப்பிலேயே இருந்தவருக்கு, தாமும் ஓர் உயிரைக் கவனித்துக்கொள்ளும் வாய்ப்பு மனத்திற்குத் தெம்பளிக்கிறது. வெயில் படும் மாடியோ முற்றமோ உள்ளவர்களுக்குத் தொட்டியில் வளரும் காகிதப்பூச் செடியை நாங்கள் பரிந்துரைக்கிறோம். நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் புழுதியையும் வெயிலையும் தாங்கி நிற்கும் அதே போகன்வில்லாதான் இது.

செடியை அறிவோம்

இதன் தாயகம் தென் அமெரிக்கா. பிரெஞ்சுக் கடலோடி போகன்வில் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்தபோது, அவருடன் சென்ற தாவரவியலாளர் கொம்மர்சோன் இதனைப் பிரேசிலில் கண்டார். கப்பல் தலைவரின் பெயரே செடிக்கும் அமைந்தது. நம் ஊர் அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நாம் பூவென்று எண்ணும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவடிச் செதில்கள். அவற்றின் நடுவே குழல் வடிவில் இருக்கும் சிறு வெண்ணிற மலர்களே மெய்யான பூக்கள். செதில்கள் எளிதில் வாடுவதில்லை. ஆகவேதான் செடி பல வாரங்கள் நிறம் குன்றாமல் நிற்கிறது.

வளர்க்கும் முறை

நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை தழைக்கும்; பூ வராது. தொடக்கத்திற்கு 10 முதல் 12 அங்குலத் தொட்டி போதும். வேர் சற்று நெருக்கமாக இருந்தால்தான் இது நன்கு பூக்கும். அடியில் நீர் வடியும் துளைகள் கட்டாயம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். இதன் வேர்கள் மெல்லியவை. நாற்றின் பையைக் கிழித்து, மண் உதிராமல் அப்படியே நட வேண்டும்.

நீர் ஊற்றுவதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். அன்பு மிகுதியால் நாள்தோறும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மேல்மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, ஓர் அங்குல ஆழம் வரை உலர்ந்த பின்னரே ஊற்ற வேண்டும். நன்கு வளர்ந்த செடியைச் சற்றுக் காயவிட்டால் மொட்டுகள் தோன்றும். தழைச்சத்து மிகுந்த உரம் இலைகளையே வளர்க்கும். புதுத் துளிர்களில்தான் பூ வரும் என்பதால், ஒவ்வொரு பூப்பும் முடிந்ததும் கிளை நுனிகளைக் கத்தரித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியைச் செங்கற்களின் மேல் ஏற்றி வைத்தால் நீர் தேங்காது.

முள்ளும் மண்ணும்: மருத்துவ எச்சரிக்கை

இச்செடியின் முட்கள் கூரியவை. நீரிழிவினால் பாத உணர்வு குன்றியவர்களுக்கு முள் குத்துவதே தெரியாது. சிறு துளை புண்ணாகி, புண் எலும்பு வரை சென்ற பின் எங்களிடம் வருவோர் உண்டு. அந்நிலையில் விரலையோ பாதத்தையோ காப்பது கடினமாகிறது. ஆகவே வெறுங்காலுடன் மாடிக்குச் செல்லாதீர்கள். வெயிலில் காய்ந்த தளமே உணர்வற்ற பாதத்தைச் சுட்டுவிடும். முன்புறம் மூடிய காலணி அணிந்து செல்லுங்கள். அணியுமுன் அதன் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். திரும்பியதும் இரு பாதங்களின் அடியையும் பாருங்கள். கத்தரித்த கிளைகளை உடனே பெருக்கி அகற்றுங்கள்.

கத்தரிக்கும்போது தடித்த தோல் கையுறை தேவை. முள் குத்தினால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, இரணஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். வீக்கம், சிவப்பு, காய்ச்சல் தோன்றினாலோ, மூட்டருகே முள் முறிந்து தங்கினாலோ காத்திராமல் வாருங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் கத்தரிக்கும் வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது.

மண்ணிலும் எருவிலும் பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் உள்ளன. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும், புற்றுநோய் மருந்தேற்றத்தில் இருப்பவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும் மண் கலப்பதையும் தொட்டி மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும். ஈரமண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி நீரிழிவு உள்ளவர்களை எளிதில் தாக்கக்கூடியது. மழைக்காலத்தில் கையில் காயத்துடன் மண்ணைத் தொடாதீர்கள்.

ஈரமண் நிறைந்த 12 அங்குலத் தொட்டியின் எடை 20 கிலோவை நெருங்கும். நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை அதைத் தூக்கவோ இழுக்கவோ கூடாது. இரத்த அழுத்த மருந்து உட்கொள்பவர்கள் குனிந்து சட்டென நிமிர்ந்தால் தலைசுற்றும். ஒரு முக்காலியில் அமர்ந்து வேலை செய்யுங்கள். செடிக்கு நண்பகல் வெயில் நல்லது, நமக்கு அல்ல. காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல் செல்லுங்கள்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டி, உலர்ந்தும் பல மாதங்கள் பிழைத்திருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். காகிதப்பூவுக்குத் தட்டே தேவையில்லை என்பதும் ஒரு வசதி.

கவனிப்போருக்கு

மண் வேலையையும் பளுவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எப்போது நீர் ஊற்றுவது, எந்தக் கிளையைக் கத்தரிப்பது, செடி எங்கே நிற்பது என்னும் முடிவுகளை நோயாளியிடம் விடுங்கள். படுக்கையை விட்டு எழ இயலாதவராயின், சன்னல் வழியே தெரியும் இடத்தில் தொட்டியை வைத்து, "இன்று ஊற்றலாமா?" என்று கேளுங்கள். நோயினால் முடிவெடுக்கும் உரிமைகள் பலவற்றை இழந்து நிற்பவருக்கு அக்கேள்வி பெரிது.

அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் இதையும் பேசுங்கள். உங்கள் உடல்நிலைக்கு எந்த வேலை ஏற்றது, எது தகாது என்பதை நாங்கள் எடுத்துரைப்போம்.